தனி ஆவர்த்தனமும் விளம்பர இடைவேளையும்

2025 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. காலை ஆறரைக்கு, அமெரிக்க இசை விருதான கிராமியின் விழா நேரலை. லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது ஞாயிறு மாலை ஐந்து மணி. அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஒரு ஃபிளாஸ்க் நிறையக் காபி போட்டு வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாடகி பியான்சேவுக்கு இந்த முறையாவது ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைக்குமா என்று உலகம் பேசிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது பொருட்டில்லை. விழாவின் நடுவில் சில நிமிடம், அந்த ஆண்டு மறைந்த இசைக்காரர்களின் முகங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்களே, அதற்காகத்தான் காத்திருந்தோம். தபேலா ஜாகிர் உசேன் போய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவர். ரயில்வே வேலை கிடைத்ததும் மிருதங்கம் பரணுக்குப் போய்விட்டது. விரல்கள் மட்டும் போகவில்லை. செய்தி பார்த்தாலும் கிரிக்கெட் பார்த்தாலும் வலது கை நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டேயிருக்கும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எங்கள் வீட்டில் ஆதி தாளம் கடிகார முள் சத்தம் மாதிரி. கேட்காமல் போனால்தான் கவனிப்போம். ஜாகிர் இறந்த செய்தி வந்த அன்று, "என்னைவிட ஒரு வயசு சின்னவர்மா" என்று மட்டும் சொன்னார். மற்றபடி அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

மத்தியானக் கச்சேரி

எங்கள் வீட்டுக்கு கிராமி வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். 2024 பிப்ரவரியில், பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்னால் அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். வயதானவர், இந்த நேரத்தில் எழுப்புகிறாரே என்று நெஞ்சு திடுக்கென்றது. கையில் கைப்பேசியை நீட்டி, "கஞ்சிராவுக்கு கிராமி குடுத்துட்டாங்கம்மா!" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு உலக இசை ஆல்பம் விருது. ஷங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ், ஜாகிர் உசேன் ஆகியோரோடு கிடார் ஜான் மெக்லாக்ளினும் சேர்ந்த குழு அது. அந்த ஒரே நாளில் ஜாகிருக்கு மூன்று விருதுகள். அதில் ஒன்று, பேலா ஃப்ளெக், எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவோடு சேர்ந்து வாசித்த ஓர் உருப்படிக்கு. அதே பிரிவில் சிறுதானியங்களைப் பற்றிய ஒரு பாட்டும் போட்டியில் இருந்தது. பிரதமர் மோடியின் குரல் இடம்பெற்ற பாட்டு. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஐந்து பேர் வாங்கிய விருதைக் கஞ்சிராவின் கணக்கில் எழுதியது அப்பாவின் நியாயம். ஒரு சாண் அகலத்துக்குப் பலாமரச் சட்டம், அதன் மேல் இழுத்து ஒட்டிய தோல் (காலங்காலமாக உடும்புத் தோல்), பக்கத்தில் சில நாணயங்கள். அவ்வளவுதான் வாத்தியம். ஒரு கையால் பிடித்து மறு கையின் விரல்களால் வாசிக்க வேண்டும். சுருதி கூட்ட ஆணியோ வாரோ கிடையாது. தோலின் உட்புறம் தண்ணீர் தொட்டுத் தடவினால் தளர்ந்து தொனி இறங்கும், காய்ந்தால் ஏறும். இதை வைத்துக்கொண்டு செல்வகணேஷ் உலகம் சுற்றுகிறார். அவருடைய அப்பா விக்கு விநாயக்ராம் எழுபதுகளில் கடத்தோடு சக்தி குழுவில் உட்கார்ந்தவர். உலக இசைக்கென்று கிராமி ஒரு பிரிவைத் தொடங்கி முதல் விருதை 1992-இல் கொடுத்தபோது, அது போனது 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு. அதில் ஜாகிரும் இருந்தார், விக்குவின் கடமும் இருந்தது. விருது ஆல்பத்தை உருவாக்கிய மிக்கி ஹார்ட்டின் பெயரில்.

அன்றைக்கு நான் அப்பாவிடம், "இருங்கப்பா, ஆறரைக்கு டிவியில போடுவாங்க, பெரிசா பாக்கலாம்" என்றேன். மூன்றரை மணி நேரம் பார்த்தோம். சக்தியும் இல்லை, ஜாகிரும் இல்லை. எனக்கு அப்போது விஷயம் தெரியாது. அந்த ஆண்டு கிராமியில் மொத்தம் 94 பிரிவுகள். டிவியில் கொடுப்பது பத்து அளவில்தான். மீதியெல்லாம் மதியம் பன்னிரண்டரைக்கே, பெரிய அரங்குக்குப் பக்கத்திலுள்ள ஒரு தியேட்டரில் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஜாஸ், கிளாசிக்கல், நாட்டார் இசை, குழந்தைகள் இசை, ஒலிப்பதிவுப் பொறியாளர்கள், உலக இசை எல்லாம் அந்தப் பந்திதான். 2010-இல் ரஹ்மான் வாங்கிய இரண்டு கிராமிகளும் அந்த ரகமே. அதில் ஒன்றில், அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே 2008 டிசம்பரில் மறைந்துவிட்ட ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயரும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

நான் இதையெல்லாம் படித்து அப்பாவிடம் விளக்கியபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அதாவது மத்தியானக் கச்சேரி" என்றார். மார்கழியில் சபாக்களில் நடப்பதுதானே. பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரைக்கும் டிக்கெட் இல்லாத கச்சேரி, முன்வரிசையில் வாசிப்பவரின் உறவுக்காரர்கள், பின்வரிசையில் சாப்பிட்ட மயக்கத்தில் இரண்டு மாமாக்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் நட்சத்திரங்கள். பெயர் பெற்றவர் எல்லோரும் மத்தியானத்தில் உட்கார்ந்து வந்தவர்கள்தான் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கிராமியின் மத்தியானத்தில் அந்தச் சமாதானமும் கிடையாது. ஜாகிர் உசேனுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

பின்னால் அந்த மதிய விழாவை யூடியூபில் முழுக்கப் பார்த்தேன். எனக்கு இரவு விழாவைவிட அது பிடித்தது, சொன்னால் மிகையாகத் தோன்றும். பாதி நேரம் விருதுக்காரர் வந்திருக்கவே மாட்டார். கொடுக்க வந்தவரே வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த உறையைப் பிரிப்பார். வந்திருப்பவர்கள் நிஜமாகவே ஓடி வருவார்கள், வழியில் தடுக்குவார்கள், மேடையேறியதும் அம்மா பெயரை மறந்துவிடுவார்கள். கையில் கொடுக்கும் கிராமபோன் சிலை மேடைக்கான மாதிரிதான். பெயர் பொறித்த அசல் பிறகுதான் கைக்கு வருமாம். அந்த அசலையெல்லாம் கொலராடோவில் ஒரு சின்ன ஊரில், ஒரு பட்டறையில் கையாலேயே வார்த்துச் செய்கிறார்கள். மானாமதுரைக் கடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரவு விழாவைக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2024-இல் ஜோனி மிட்செல் என்று ஒரு கிழவி, எண்பது வயது, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்து பாடினார். இருபத்து மூன்று வயதில் அவரே எழுதிய பாட்டு. 2015-இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சும் நடையும் போய், மறுபடி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர். கிராமி மேடையில் பாடியது அதுதான் முதல் முறையாம். அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பாட்டு முடிந்ததும், "இந்தம்மா சுருதியில பாடல, வயசுல பாடறா" என்றார். இன்றுவரை எனக்கு அந்த வாக்கியம் முழுக்கப் புரியவில்லை, ஆனால் சரியென்று படுகிறது. 1998-இல் பாவரோட்டிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, கடைசி நிமிடத்தில் அரீதா ஃப்ராங்க்ளின் மேடையேறி அவர் பாட இருந்த ஆபெரா பாட்டைப் பாடியதும் இதே நிகழ்ச்சியில்தான். டிவி இல்லையென்றால் இதெல்லாம் நமக்கு ஏது? அந்த நிகழ்ச்சிக்குப் பாட்டு வேண்டும், நட்சத்திரம் வேண்டும், நடுவில் விளம்பரம் வேண்டும். விருது என்பது பாட்டுகளுக்கு நடுவே பந்தலில் கட்டும் தோரணம்.

முகங்கள்

இப்போது 2025-க்கு வருகிறேன். மதிய விழாவில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சந்திரிகா டாண்டனுக்கு ஒரு விருது கிடைத்திருந்தது. இந்திரா நூயியின் அக்கா. அப்பாவும் நானும் அதற்குச் சம்பிரதாயமாகச் சந்தோஷப்பட்டுவிட்டு இரவு விழாவுக்குக் காத்திருந்தோம். ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸைத் தின்ற காட்டுத்தீயின் நிழல் விழா முழுக்க இருந்தது; நன்கொடை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கன்ட்ரி ஆல்பம் விருதுக்குத் தன் பெயரைப் படித்ததும் பியான்சே வாய் பிளந்து உறைந்து போனதை அப்பாவே ரசித்தார். "இது நடிப்பில்ல" என்றார்.

அஞ்சலி வந்தது. கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் பாட, பின்னால் பெரிய திரையில் முகங்கள். நான் கைப்பேசியைத் தயாராக வைத்துக்கொண்டேன். அந்த முகம் வரும்போது படம் எடுத்து அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்ப வேண்டும். அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு முகம், ஒரு பெயர், மூன்று நான்கு விநாடி. அடுத்த முகம். எனக்கு அதில் பத்தில் எட்டு பேரைத் தெரியாது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், கிடாரோடு ஓர் அம்மாள், இன்னும் முப்பதுகூடத் தாண்டாத ஒரு பையன். ஒவ்வொரு முகம் மாறும்போதும் சுருட்டை முடி தெரிகிறதா என்றுதான் என் கண் போனது. இவர் இல்லை. இவர் இல்லை. யாருடைய அப்பாவையோ, யாருடைய மகனையோ "இவர் இல்லை" என்று தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல். விளம்பரம்.

அப்பாவின் கை கைப்பிடியின் மேல் அசையாமல் இருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா, குயின்ஸி ஜோன்ஸுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. அப்புறம்கூடக் காட்டலாம்."

எனக்கே நம்பிக்கை இல்லை. அவருக்கும் இல்லை. இருந்தும் கடைசி வரை பார்த்தோம். தீயணைப்பு வீரர்கள் வந்து ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை பியான்சேவுக்குக் கொடுத்தார்கள். ஃபிளாஸ்கில் காபி ஆறிப்போயிருந்தது.

அன்று மதியம் அலுவலக வேலைக்கு நடுவே ஒரு நீண்ட பதிவு எழுதி முகநூலில் போட்டேன். கோபமாக. நான்கு கிராமி வாங்கியவர், அதில் மூன்று சரியாக ஓராண்டுக்கு முன்னால். பல பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் வாழ்ந்தவர், சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரியில் உயிர் விட்டவர். எங்கோ தூர தேசத்துக் கலைஞர் என்றுகூடச் சொல்லித் தப்பிக்க முடியாது. விழா நடந்த மாநிலத்துக்காரர். 2022-இல் லதா மங்கேஷ்கரையும் இப்படித்தான் விட்டார்கள். இப்படிப் போனது பதிவு. நிறைய விருப்பக்குறிகள். மறுநாள் பத்திரிகைகளிலும் இதே புலம்பல். ஒரு நண்பர் மட்டும் வந்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை பேரைக் காட்ட முடியும், அமெரிக்க ரசிகர்களும் வருடா வருடம் விட்டுப்போனவர்களின் பட்டியல் போடுகிறார்கள் என்று எழுதினார். அவரிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். இன்றும் என் கட்சி அதுதான். ஐந்து நிமிடம் குறைவுதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஜாகிர் உசேனுக்கு மூன்று விநாடி கிடைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அந்தப் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சுவிட்சைப் போட எழுந்தவர் அப்படியே நின்று, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீ தனி என்னிக்காவது முழுசா கேட்டிருக்கியாம்மா?"

தனி ஆவர்த்தனத்தைத்தான் சொன்னார், கச்சேரியில் பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. நான் பதில் சொல்லவில்லை.

"அவன் விளம்பரம் போடறான். நாம வடை திங்கப் போறோம்."

கேன்டீன்

இருபது வருடமாக மார்கழிக் கச்சேரிக்குப் போகிறேன். மெயின் ராகம் முடிந்து, கீர்த்தனை பாடி, நிரவல், ஸ்வரம் ஆகி, பாடகர் பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்துத் தலையசைப்பார் பாருங்கள், அந்த நொடியில் அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு எழும். நாற்காலிகள் மடங்கும் சத்தம். பட்டுப்புடவைகளின் சரசரப்பு. கேன்டீனில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் இடம் பிடிக்க வேண்டும். நானும் அந்த ஊர்வலத்தில் ஒருத்தி. தனி என்றால் இடைவேளை என்றுதான் என் மனதில் இருந்தது. யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். நான் திரும்பி வரும்போது அப்பா அதே நாற்காலியில், அதே விரல்களோடு இருப்பார். அவருக்கு ஒரு பொட்டலம் போண்டா கொண்டு வருவேன். அதை மடியில் வைத்துக்கொண்டு தாளத்தைத் தொடர்வார்.

அப்பா கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன்னால், வழக்கம்போல முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போகும் வழியில், கதவருகே யாரோ வழிமறிக்க, ஒரு கணம் மேடையைத் திரும்பிப் பார்த்தேன். மிருதங்கம் ஓட்டம் எடுத்திருந்தது. கஞ்சிரா வாசிக்கும் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், பக்கத்திலிருந்த சின்னக் கிண்ணத்தில் விரலை நனைத்துத் தோலின் உட்புறம் தடவிக்கொண்டிருந்தான். தடவியபடியே நிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்தான். கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அழைப்பிதழில் கடைசி வரியில் இருந்திருக்கும்.

அந்தப் பையனை இருட்டில் விட்டுவிட்டுப் போன நான்தான் கிராமிக்காரன் காமிராவைத் திருப்பவில்லை என்று ஐந்நூறு வார்த்தை எழுதினேன். இதை எழுதும்போதுகூட எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நிற்கிறார். வடை திங்கப் போனதும் செத்தவரை மறந்ததும் ஒன்றா? இல்லை, ஒன்றில்லை. அந்தப் பதிவை நான் அழிக்கவும் இல்லை. ஆனால் நமது டிவி சேனல்களில் இசை விருது விழா என்று வருவதைப் பாருங்கள். வயலின்காரருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் கொடுத்த பகுதியை வெட்டிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நடிகர் சிரிப்பதை ஏழு தடவை காட்டுவார்கள். அதற்கு நான் ஒரு நாளும் பதிவு போட்டதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

போன டிசம்பரில் அப்பாவோடு ஒரு மாலைக் கச்சேரிக்குப் போனேன். பெயர் பெற்ற பாடகி, அரங்கு நிறைந்திருந்தது. மிருதங்கத்தோடு கஞ்சிராவும் இருந்தது. தலையசைப்பு வந்தது. சலசலப்பு எழுந்தது. எங்கள் வரிசையில் ஒரு மாமி, "கொஞ்சம் வழி விடேம்மா" என்று என் முழங்காலைத் தட்டினார். காலை மடக்கி வழி விட்டேன். எனக்குப் பசி. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் வலது கையை என் கையின் மேல் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மிருதங்கம் ஒரு சுற்று, கஞ்சிரா ஒரு சுற்று, அப்புறம் இருவரும் மாற்றி மாற்றி, சுற்று குறுகிக் குறுகிப் பாதியாகி, கால் ஆகி. தாளச் சுற்று தொடங்கும் சமம் எங்கே வருகிறது என்று நான் இரண்டு தடவை தவறவிட்டேன். அப்பா ஒரு தடவை தவறவிட்டு, நான் கவனித்தேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். மோரா, கோர்வை, முடித்தார்கள். மீதியிருந்தவர்கள் தட்டிய கைதட்டல், அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே, கொஞ்சம் அதிகமாகவே எதிரொலித்தது.

கச்சேரி முடிந்து கேன்டீனுக்குப் போனபோது கீரை வடை தீர்ந்திருந்தது. ரவா தோசைக்கு இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அப்பா, "பரவாயில்ல, நிக்கலாம்" என்று டோக்கனை வாங்கி என் கையில் கொடுத்தார்.